அண்டத்தை அளந்த சிற்றுயிர்

1925ஆம் ஆண்டின் முதல் நாள், வாஷிங்டனில் கூடிய அமெரிக்க வானியலாளர்கள் முன்னிலையில் ஓர் ஆய்வறிக்கை வாசிக்கப்பட்டது. எழுதியவர் எட்வின் ஹபிள். அவர் வராததால் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் வாசித்தார். ஆண்ட்ரோமெடா விண்மீன் குழுவில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும் ஒளித்திட்டு, நம் பால்வீதிக்குள் மிதக்கும் வாயு மேகமன்று. நமக்கு அப்பால், தனக்கென்று கோடானுகோடி விண்மீன்களைக் கொண்ட இன்னொரு மண்டலம். இதுதான் அறிக்கையின் சாரம். அதன் தொலைவு ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு என்று ஹபிள் கணித்திருந்தார். இன்றைய கணக்கில் 25 லட்சம். பால்வீதிதான் பேரண்டம் முழுவதும் என்று கருதிவந்த அறிஞர்கள் அன்று கணிசமாக இருந்தார்கள். அவர்களுடைய உலகம் அந்த ஒரு தாளில் உடைந்தது.

இரண்டு மாதம் கழித்து, பிப்ரவரி 28 அன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நண்பர்கள் கூடும் சிறு விவாதக் குழுவொன்றில் ஃபிராங்க் ராம்ஸி பேசினார். கணிதம், தருக்கம், பொருளியல் ஆகிய மூன்றிலும் இன்றுவரை அவர் பெயரால் கருத்துகள் வழங்குகின்றன. அப்போது அவருக்கு வயது 22. ஹபிளின் பெயர் அந்தப் பேச்சில் இல்லை. ஆனால் வானத்தின் விரிவைக் கண்டு தனக்குத் துளியும் தாழ்வுணர்ச்சி எழுவதில்லை என்றார். விண்மீன்கள் எவ்வளவு பெரியவையானாலும் அவற்றால் சிந்திக்க முடியாது, அன்பு செலுத்த முடியாது. தன் மதிப்பைப் பெறுபவை அந்தக் குணங்கள்தாம். பருமன் ஒரு தகுதியானால் நூறு கிலோவைத் தாண்டிய தன் உடலுக்கும் அல்லவா அந்தப் பெருமை சேர வேண்டும் என்பது அவர் வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. நானும் பலமுறை இதை நாடியிருக்கிறேன். ஆனால் ராம்ஸி நல்ல குடும்பத்தில், நல்ல கல்லூரியில், பொருளியலாளர் கெய்ன்ஸ் போன்றவர்களின் நட்பில் வளர்ந்தவர். தன் பார்வை தன் மனப்பாங்கைச் சார்ந்தது என்பதை அவரே அந்தப் பேச்சில் ஒப்புக்கொண்டார். 1930 ஜனவரியில், 27 வயது நிறையுமுன் இறந்துபோனார். அவர் வாதத்தில் பிழை காண்பது கடினம். ஆயினும் அதே வானத்தைப் பார்த்து ஒருவர் அமைதியடைய, இன்னொருவர் ஏன் உடைந்துபோகிறார் என்பதற்கு அதில் விடையில்லை. இந்தக் கட்டுரை அந்த விடையைத் தேடுகிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். நாம் சிறியவர்கள் என்பதை நவீன அறிவியல்தான் கண்டு சொன்னது, அதுவரை மனிதன் தன்னை அண்டத்தின் நடுநாயகமாக எண்ணி நிம்மதியாக இருந்தான் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த தாலமி, புவியை நடுவில் வைத்தவர்தான். ஆனால் வானத்தோடு ஒப்பிட்டால் புவி வெறும் புள்ளிதான் என்று தன் வானியல் நூலின் தொடக்கத்திலேயே நிறுவியிருக்கிறார். ஆறாம் நூற்றாண்டில் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த ரோமானிய அறிஞர் போயத்தியஸ் இந்தக் கணக்கை எடுத்து ஆறுதல் தேடினார். புள்ளியளவு புவி, அதிலும் மனிதர் வாழும் பகுதி ஒரு துண்டு, அந்தத் துண்டில் பெறும் புகழுக்கா இத்தனை ஏக்கம் என்பது அவர் சிந்தனை. நம் மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதி இன்னும் துணிச்சலானது. அங்கே நூறு கோடிக்கு மேற்பட்ட அண்டங்கள், வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசிகளாகிவிடுகின்றன. அதைப் பாடியவர் துவண்டுபோகவில்லை. அவ்வளவு பெரியவனான சிவன் தன்னைத் தேடி வந்து ஆட்கொண்டான் என்று உருகுகிறார்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் எழுதிவைத்த குறிப்புகளில்தான் தொனி மாறுகிறது. எல்லையற்ற வெளி அவரை அச்சுறுத்தியது. அந்தக் குறிப்புகளைக் கூர்ந்து படித்தால் அச்சத்தின் காரணம் வெளியின் அளவு மட்டுமில்லை என்பது தெரியும். அந்த வெளி தன்னை அறியவில்லை, தானும் அதை அறியவில்லை, அது பேசவில்லை என்பதே அவரை உலுக்குகிறது. இறைநம்பிக்கை மிக்க ஒருவர்தான் இப்படி எழுதினார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தாலமிக்கும் பாஸ்கலுக்கும் இடையில் அண்டம் பெரிதாகியது உண்மை. ஆனால் புள்ளி புள்ளிதான். ஒரு புள்ளியை இன்னும் சிறிய புள்ளியாக்குவதில் மனத்துக்குப் பெரிய வேறுபாடு இல்லை. மாறியது உறவு. தன்னைக் கவனிக்கும் ஒருவர் இருக்கும்வரை சிறியவராக இருப்பது யாரையும் வருத்துவதில்லை.

தத்துவ நோக்கில், அளவைக் கொண்டு வாழ்க்கையைப் பொருளற்றது என்று காட்டும் வாதம் மிகவும் பலவீனமானது. தாமஸ் நேகல் 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அதைச் சில பக்கங்களிலேயே கலைத்துவிடுகிறார். நாம் அண்டத்தை நிறைக்கும் அளவு பெரியவர்களாக இருந்தால் நம் வாழ்க்கைக்குப் பொருள் கூடியிருக்குமா? எழுபது ஆண்டு வாழ்க்கை பொருளற்றதென்றால், அதையே முடிவின்றி நீட்டினால் பொருளின்மையும் முடிவின்றி நீளுமே தவிர வேறென்ன நடக்கும்? பத்து லட்சம் ஆண்டுக்குப் பிறகு நம் செயல் எதுவும் பொருட்படாது என்போருக்கும் அவரிடம் பதில் உண்டு. அப்படியானால் பத்து லட்சம் ஆண்டுக்குப் பிறகு நிலவப்போகும் எதுவும் இன்று நமக்குப் பொருட்பட வேண்டியதில்லை. அப்போது நாம் பொருட்பட மாட்டோம் என்பதும் அதில் அடக்கம். 2014இல் ஆக்ஸ்ஃபோர்டின் கை கஹானே வேறு வழியில் வந்தார். ஒன்றின் முக்கியத்துவம் அது அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பொறுத்ததன்று. மதிப்புடைய வேறு பொருள்கள் சுற்றிலும் எவ்வளவு உள்ளன என்பதைப் பொறுத்தது. இந்தப் பேரண்டத்தில் உணர்வும் சிந்தனையும் உள்ளவர்கள் நாம் மட்டும்தான் என்றால், எஞ்சிய வெறுமை எத்தனை பெரிதாக இருந்தாலும் நம் முக்கியத்துவம் குறையாது, மிகும்.

இந்த வாதங்கள் அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் வாதத்தால் தோற்கடிக்கப்பட்ட ஓர் எண்ணம் மீண்டும் மீண்டும் எழுகிறதென்றால், அதன் வேர் வாதத்தில் இல்லை என்றுதான் பொருள். வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஹபிளின் அறிக்கைக்கே திரும்பலாம். அவர் 9 லட்சம் ஒளியாண்டு என்று எப்படிச் சொன்னார்? அவர் கையில் இருந்த அளவுகோல் ஹென்ரியட்டா லெவிட் என்ற பெண் தந்தது.

லெவிட் 1868இல் மாசசூசெட்ஸில் பிறந்தார். ஹார்வர்டில் அப்போது பெண்களுக்குப் பட்டம் கிடையாது. அதனோடு இணைந்த பெண்கள் நிறுவனத்தில் படித்து 1892இல் முடித்தபோது, ஆணாக இருந்திருந்தால் இளங்கலைப் பட்டத்துக்கு உரிய கல்வி என்று கூறும் சான்றிதழ்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஹார்வர்ட் வானாய்வகத்தில் ஊதியமின்றிச் சேர்ந்தார். பிறகு மணிக்கு 30 சென்ட் கூலி. அங்கே பெண்கள் தொலைநோக்கியில் வேலை செய்ய வரவில்லை. கண்ணாடித் தகடுகளைப் படிக்க வந்தார்கள். பெரு நாட்டின் அரெக்கிபாவில் ஹார்வர்ட் வைத்திருந்த தொலைநோக்கி தென்வானத்தைப் படமெடுக்கும். தகடுகள் கப்பலில் ஏறி மாசசூசெட்ஸ் வந்து சேரும். ஒவ்வொரு தகட்டிலும் விண்மீன்கள் கரும்புள்ளிகளாக இருக்கும். ஒரே வானப்பகுதியை வெவ்வேறு இரவுகளில் எடுத்த இரண்டு தகடுகளில், ஒன்றின் நேர்ப்படத்தை மற்றதன் எதிர்ப்படத்தின்மேல் பொருத்திப் பார்த்தால், ஒளி மாறாத விண்மீன் ஒன்றோடொன்று பொருந்தும். ஒளி மாறிய விண்மீன் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். உருப்பெருக்கியை வைத்துப் புள்ளி புள்ளியாக இதைச் செய்ய வேண்டும். லெவிட் இப்படிக் கண்டெடுத்த மாறொளி விண்மீன்கள் சுமார் 2,400. அன்று உலகம் அறிந்திருந்த மாறொளி விண்மீன்களில் ஏறக்குறைய பாதி அது. அவருக்குச் செவித்திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. உடல்நலம் அடிக்கடி கெட்டு, மாதக்கணக்கில் வேலையை விட்டு விலகியிருக்க நேர்ந்தது.

1908இல் சிறிய, பெரிய மெகல்லன் மேகங்கள் எனப்படும் தென்வான விண்மீன் திரள்களில் 1,777 மாறொளி விண்மீன்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். அந்த நீண்ட அட்டவணையின் கடைசிப் பகுதியில் 16 விண்மீன்களைப் பற்றி ஒரு குறிப்பு: பிரகாசம் கூடக் கூட ஒளிமாறும் காலமும் நீளுகிறது. 1912இல் அது 25 விண்மீன்களாகி, காலம் ஒன்றேகால் நாள் முதல் 127 நாள் வரை நீண்டு, வரைபடத்தில் தெளிவான கோடாக விழுந்தது. அந்த 25உம் ஒரே மேகத்தில், நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவை. ஆகவே பிரகாசத்தில் தெரியும் வேறுபாடு தொலைவால் வந்ததன்று, விண்மீனின் இயல்பால் வந்தது. இதை அவர் உணர்ந்து எழுதினார். விளைவு: இந்த வகை விண்மீன் ஒன்று எத்தனை நாளில் ஒளிர்ந்து மங்குகிறது என்று எண்ணினால் போதும், அதன் உண்மைப் பிரகாசம் தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தொலைவும் தெரிந்துவிடும். மனிதனுக்கு விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலான தொலைவை அளக்கும் கோல் கிடைத்தது. அந்த மூன்று பக்க வெளியீடு வானாய்வக இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்கின் கையொப்பத்தோடு வந்தது. அந்த அறிக்கையைத் தயாரித்தவர் செல்வி லெவிட் என்று முதல் வாக்கியம் சொல்கிறது.

அந்தக் கோலைக் கொண்டு மேலும் அளக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. விண்மீன் பிரகாசத்துக்கு ஒரு பொது அளவுமுறை வகுக்கும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அதைச் செய்தார். எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த மேசைகளில் அமர்ந்திருந்த பெண்களுக்கு இல்லை. 1921 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார். ஹபிள் ஆண்ட்ரோமெடாவில் அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டது 1923 அக்டோபரில்தான். 1925இல் ஸ்வீடன் கணிதவியலாளர் மிட்டாக் லெஃப்லர், நோபெல் பரிசுக்குப் பரிந்துரைக்க விரும்பி லெவிட்டுக்குக் கடிதம் எழுதினார். லெவிட் இறந்து மூன்று ஆண்டுக்கு மேலாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியாது.

   

அந்த எண்ணத்தின் வேரைத் தேடி லெவிட்டின் வாழ்க்கையை வாசித்தால் ஒன்று துலங்குகிறது. மெகல்லன் மேகம் அவரை ஒருபோதும் சிறுமைப்படுத்தவில்லை. சான்றிதழில் ஒரு வாக்கியம், மணிக்கு 30 சென்ட், அடுத்தவரின் கையொப்பம், தான் கண்ட கோலைத் தான் பயன்படுத்த முடியாத நிலை: சிறுமை இங்கிருந்துதான் வந்தது. இவை அனைத்தும் மனிதர்கள் செய்தவை, மாற்றியிருக்கக் கூடியவை. மேகத்தின் முன் அவரும் பிக்கரிங்கும் ஒரே அளவு சிறியவர்கள். அலுவலகத்தில் அப்படியில்லை.

அதே 1925இல், அதே வானாய்வகத்தில் 25 வயது சிசிலியா பெய்ன் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்பது அவர் கணக்கின் முடிவு. ஹபிளின் அறிக்கையை வாசித்த அதே ரஸ்ஸல் அதை நம்ப மறுத்தார். அவருடைய செல்வாக்குக்குப் பணிந்து, இந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று பெய்னே தன் ஏட்டில் எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுக்குப் பிறகு ரஸ்ஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து, பெய்ன் சொன்னதைச் சரியென்று ஏற்றார். பெய்னுக்கு ஹார்வர்டில் பேராசிரியர் பதவி கிடைத்தது 1956இல். 1976இல் அமெரிக்க வானியல் கழகம் அவரைக் கௌரவித்தது. அந்தக் கௌரவத்துக்கு ரஸ்ஸலின் பெயர்தான் சூட்டப்பட்டிருந்தது. அதையொட்டி நிகழ்த்திய உரையில் அவர், உலக வரலாற்றில் ஒன்றை முதன்முதலாகக் காண்பவராக இருக்கும் பரவசத்தைப் பற்றிப் பேசினார். ஒரு விண்மீனின் உள்ளீட்டைக் கண்டறிந்த அந்தத் தருணத்தில், தான் அதைவிடக் கோடானுகோடி மடங்கு சிறியவர் என்பது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றியிருக்குமென்று என்னால் எண்ண முடியவில்லை.

உளவியலாளர்கள் வாழ்க்கைப் பொருள் என்பதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஃபிராங்க் மார்டேலா, மைக்கேல் ஸ்டெகர் இருவரும் 2016இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக வகுத்தது. வாழ்க்கை புரியும்படி இருப்பது ஒன்று. அதற்கு ஒரு நோக்கம் இருப்பது இன்னொன்று. அது மதிப்புடையது, பொருட்படுத்தத்தக்கது என்ற உணர்வு மூன்றாவது. பேரண்டத்தின் அளவு முதல் இரண்டையும் தொடுவதேயில்லை. சொல்லப்போனால் அண்டத்தை அறிவது முதலாவதை வளர்க்கிறது. மூன்றாவதுதான் அடிபடுகிறது. அந்த மூன்றாவது யாரிடமிருந்து வருகிறது? பிறரிடமிருந்து. நம்மைத் தேடுபவர்கள், நம் வேலையைப் பொறுத்து நிற்பவர்கள், நாம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் தருவது அது.

பெரியதன் முன் நின்று சிறியவராக உணர்வது மனத்தை என்ன செய்கிறது என்று நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பால் பிஃப், டாக்கர் கெல்ட்னர் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதி கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் நடந்தது. அங்கே வானளாவிய யூகலிப்டஸ் தோப்பு ஒன்று உண்டு. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு நிமிடம் அந்த மரங்களை அண்ணாந்து பார்த்தார்கள். இன்னொரு பிரிவினர் அதே இடத்தில் நின்று ஓர் உயர்ந்த கட்டடத்தைப் பார்த்தார்கள். பிறகு ஆய்வாளர் கைதவறுவதுபோலப் பேனாக்களைக் கீழே போட்டார். மரங்களைப் பார்த்தவர்கள் அதிகமான பேனாக்களைப் பொறுக்கித் தந்தார்கள். வர்ஜீனியா ஸ்டர்ம் குழுவினர் முதியவர்களை வாரம் ஒருமுறை 15 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். பாதிப்பேரிடம் மட்டும் வியப்பூட்டுவதைத் தேடியபடி நடக்கச் சொன்னார்கள். எல்லோரும் நடையின்போது தங்களைத் தாங்களே படமெடுத்து அனுப்ப வேண்டும். எட்டு வாரத்தில், வியப்பைத் தேடி நடந்தவர்களின் படங்களில் அவர்களுடைய உருவம் சிறுத்துக்கொண்டே வந்தது, சுற்றுப்புறம் விரிந்தது. அவர்களுடைய அன்றாடத் துயரமும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஒரு நிமிடப் பார்வையும் சில பேனாக்களும் பெரிய முடிவுகளைத் தாங்கிவிடாது. இருந்தாலும் இரண்டு ஆய்வுகளும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. சிறியவராக உணர்வதே மனிதரை நசுக்குமானால் இப்படி நடக்க வாய்ப்பில்லை.

ஆனால் இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், உடல்நலமுள்ள முதியவர்கள். போயத்தியஸ்கூட ஓர் அரசின் உச்சப் பதவியிலிருந்து விழுந்தவர்தான். தன்னைப் பற்றிய எண்ணமே பாரமாகிப்போனவருக்கு வானத்தின் விரிவு அந்தப் பாரத்தை இறக்கிவைக்கிறது. பிறந்ததிலிருந்து நீ ஒன்றுமில்லை என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவருக்கு அதே வானம் அந்தக் குரலையே உரத்துச் சொல்வதாகத் தோன்றக் கூடும். ஏற்கெனவே குறுக்கப்பட்ட ஒருவரிடம் போய் அண்டத்தின் முன் நாமெல்லாம் தூசி என்று ஆறுதல் சொல்வது கொடுமை. தத்துவ நூல்களில் இந்த வேறுபாட்டுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆகவே, இவ்வளவு பெரிய அண்டத்தில் நான் எதற்கு என்று இளைஞர் ஒருவர் கேட்டால், நேகலின் வாதத்தை அவரிடம் முதலில் எடுத்துச் செல்ல மாட்டேன். அண்டத்தின் அளவை மறுத்துப் பேசுவதிலும் பயனில்லை. அது பெரிதுதான். அவர் வேலை செய்யும் இடத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா என்று கேட்பேன். அவர் செய்த வேலையின்கீழ் யார் கையொப்பமிடுகிறார்கள், எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு சிறு அளவிலாவது அவரிடம் இருக்கிறதா, இரண்டு நாள் அவரைக் காணவில்லையென்றால் தேடிவரக்கூடியவர் யார் என்றெல்லாம் விசாரிப்பேன். அவற்றுக்குப் பதில் கேட்ட பிறகு, அவர் விரும்பினால், இருவரும் சேர்ந்து மொட்டை மாடிக்குப் போகலாம்.